பின்னறையில் கிடந்த நாற்காலிகள்

அந்த முதலாளிமேல் எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. தணிய வேண்டும் என்று நான் முயன்றதும் இல்லை. "எவ்வளவு வருஷமாச்சு, இன்னுமா அதையே பேசற?" என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். ஆனால் இன்று எழுத உட்கார்ந்துவிட்டேன், அதனால் முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் ஐ.டி.ஐ.யில் ரேடியோ, டி.வி. மெக்கானிக் படித்தவள். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போனவர்கள். நான் படித்து முடித்த சமயத்தில் ஆற்றில் தண்ணீர் வருவதே சந்தேகமாக இருந்தது. குறுவை அடியோடு போய், சம்பாவும் பாதிதான் தேறியது. கடலோரத்து வயல்களை வெளியூர்க்காரர்கள் வாங்கி வளைத்து, உப்புத் தண்ணீர் கட்டி இறால் வளர்க்க ஆரம்பித்திருந்தார்கள். கூலி வேலையும் இல்லை. எங்கள் தெருவிலிருந்தும் ஆண்கள் சிங்கப்பூருக்கும் குவைத்துக்கும் கிளம்பினார்கள். கடைத்தெருப் பக்கத்து வீடுகளில் அது அதற்கும் முன்பே பழகிப்போன விஷயம். கல்யாணமாகி நாற்பது நாளில் விமானம் ஏறிய மாப்பிள்ளைகள் எத்தனையோ பேர்.

முத்துப்பேட்டைக்குப் பக்கத்தில் எங்களுடையது ஒரு சிறிய ஊர். ஊர்க் கடைத்தெருவில் அந்த முதலாளி ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தார். ஷார்ஜாவில் சில வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர். வரும்போது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு மிக்ஸர், இரண்டு கேசட் போடுகிற டெக், நல்ல மைக் எல்லாம் கொண்டுவந்திருந்தார். கடையின் முன்பக்கம் கேசட் விற்பனை. உள்ளே ஒரு சிறிய அறை, சத்தம் வெளியே போகாமல் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டி, நடுவில் கண்ணாடித் தடுப்பு வைத்து, கதவுக்குக் கனத்த திரை போட்டது. அங்கேதான் பெண்கள் உட்கார்ந்து வெளிநாட்டில் இருக்கிற கணவனுக்குப் பேசிப் பதிவுசெய்வார்கள். ஐ.எஸ்.டி. பூத்தில் மீட்டர் ஓடுகிற வேகத்தில் "சுகமா, புள்ளைங்க சுகம்" என்பதற்குமேல் பேச முடியாது. கடிதம் எழுத எல்லோருக்கும் வராது. கேசட் என்றால் ஒரு மணி நேரம் பேசலாம். லீவு முடிந்து திரும்புகிறவர் யாரிடமாவது கொடுத்துவிடலாம்.

வேலை கேட்டுப் போன அன்று முதலாளி என் சர்டிபிகேட்டைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

"ஆம்பள ஆபரேட்டரு முன்னாடி பேச நம்ம வீட்டுப் பொம்பளைங்க கூச்சப்படுறாங்கம்மா. நீ இருந்தா மனசு விட்டுப் பேசுவாங்க. உன்னைய மாதிரி ஆளத்தான் தேடிக்கிட்டிருந்தேன்" என்றார்.

எனக்கு அன்று பெருமையாக இருந்தது. இவ்வளவு நாகரிகமாக யோசிக்கிற ஒரு மனிதர் இந்தக் கடைத்தெருவில் இருக்கிறாரே என்று வீட்டில் போய்ச் சொன்னேன்.

வேலை எனக்குப் பிடித்திருந்தது. வருகிறவரை மைக் முன்னால் உட்கார வைத்து, "இன்னைக்கு என்ன கொழம்பு வச்சீங்க, சொல்லுங்க" என்பேன். அவர் சொல்லும்போதே சத்தத்தின் அளவைச் சரிசெய்துவிடுவேன். பிறகு ஹெட்போனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மிக்ஸரில் ஆடும் முள்ளை மட்டும் பார்ப்பேன். முள் சிவப்புக்குப் போனால் குறைப்பேன், படுத்துவிட்டால் ஏற்றுவேன். பேச்சு என் காதில் விழாது. இப்படிச் செய்யச் சொல்லி யாரும் எனக்குக் கற்றுத்தரவில்லை. ஒரு பெண் புருஷனிடம் பேசுவதை நான் கேட்பது சரியில்லை என்று எனக்கே பட்டது. வருகிறவர்களிடமும் முதலிலேயே சொல்லிவிடுவேன். "நீங்க பேசுறது எனக்குக் கேக்காதுக்கா. முள்ளத்தான் பாத்துக்கிட்டிருப்பேன்."

அதை நம்பித்தான் பேசினார்கள். ஒருத்தி குழந்தையின் கொலுசைக் கொண்டுவந்து மைக் முன்னால் ஆட்டிக்காட்டினாள். ஒருத்தி பாதிக் கேசட் வரைக்கும் வாயே திறக்கவில்லை. முள் படுத்தே கிடந்தது. பிறகு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, பேசலாமா என்று கையால் கேட்டாள். வெளியே வரும்போது பெரும்பாலும் எல்லோர் முகமும் கழுவிவிட்டாற்போல் இருக்கும்.

அடிக்கடி வந்தவர்களில் ஒரு அக்காவைப் பற்றித்தான் இதெல்லாம். பள்ளிவாசலுக்குப் பின்தெருவில் வீடு. கணவர் குவைத்தில் டிரைவர். அக்கா நல்ல சிரிப்புக்காரி. அவள் பேசும்போது முள் துள்ளிக்கொண்டே இருக்கும். அவள் மாமியார் கூடவே வந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். கரகரத்த குரல், யாரிடமும் அதிகம் பேசமாட்டார். ஊரில் எல்லோரும் அவரை மாமி என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான்.

வேலைக்குச் சேர்ந்து சில மாதம் கழித்து, அளவு சரிசெய்யும்போது ஹெட்போனில் ஒரு இரைச்சல் வர ஆரம்பித்தது. மெல்லிய, விடாத 'ம்ம்ம்' என்ற சத்தம். இரண்டு கருவிகள் வேறு வேறு இடத்தில் கரண்ட் எடுத்து, நடுவில் ஒரு ஒயரால் இணைந்திருந்தால் வருகிற இரைச்சல் அது. எங்கள் தொழிலில் அது புதிதில்லை. முதலாளியிடம் இரண்டு மூன்று தடவை சொன்னேன்.

"அது லைன் கரண்டு இரைச்சல்மா. நீ ஒண்ணத்தையும் பிரிக்காத, ஃபாரின் சாமான்" என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அந்த அக்கா தனியாக வந்தாள். பேச வந்திருக்கிறாள் என்று நினைத்து மைக்கைச் சரிசெய்யப் போனேன். அவள் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். சிரிப்பைக் காணோம்.

"இந்த ரூம்புக்குள்ள நீயும் நானுந்தான இருந்தோம்?" என்றாள்.

"ஆமாங்கக்கா."

"நேத்து ஜவுளிக் கடைக்குப் போனேன். அவன் கேக்குறான், 'கைலி பாக்குறீங்களா? தொவைக்காத கைலியே இருக்கு'ன்னு. பக்கத்துல இருந்தவன் சிரிக்கிறான்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளே சொன்னாள், தரையைப் பார்த்துக்கொண்டு. போன தடவை புருஷன் லீவு முடிந்து போனபோது கழற்றிப் போட்ட கைலியை அவள் துவைக்கவே இல்லை. தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுக்கிறாள். அதை உலகத்தில் அவள் ஒரே ஒரு ஆளிடம்தான் சொன்னாள். அதுவும் கேசட்டில்.

"நான் கேக்கவே இல்லக்கா. சத்தியமா. ஹெட்போன்கூட..."

"நீ கேக்கலைன்னா அவனுக்கு எப்படித் தெரியும்? நீ பொம்பளன்னுதான நம்பிப் பேசுனேன்?"

நான் என்ன சொல்லியும் அவள் நம்பவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். அவளைக் குறைசொல்லமாட்டேன். அவள் இடத்தில் யார் இருந்தாலும் என்னைத்தான் பிடித்திருப்பார்கள். முதலாளிக்கு அது தெரியும். விஷயம் வெளியே கசிந்தால் பழி விழுவதற்கும் ஒரு பெண் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

ஆனால் இதெல்லாம் அந்த நிமிடம் எனக்குத் தெரியாது. அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் குழப்பம். அப்புறம்தான் அந்த இரைச்சல் ஞாபகம் வந்தது. பள்ளிக்கூட வாத்தியார் பாடம் பதிந்தபோது அது இல்லை. விளம்பரம் பேச வந்தவர்கள் குரலில் இல்லை. பெண்கள் பேச வந்தால் மட்டும் வந்தது.

மத்தியானம் முதலாளி சாப்பிடப் போனதும் மிக்ஸரை இழுத்துத் திருப்பினேன். பின்னால் எனக்குத் தெரியாத ஒரு ஒயர் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே போனேன். மேசைக்கு அடியில் போய், சுவர் ஓரமாக ஓடி, ஒரு காலண்டருக்குப் பின்னால் இருந்த ஓட்டைக்குள் நுழைந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பின்னறை. வெற்றுக் கேசட் ஸ்டாக் வைக்கிற இடம் என்று சொல்லி எப்போதும் பூட்டித்தான் வைத்திருப்பார். ஸ்குரூ டிரைவரை எடுத்துக் கதவின் கீல் ஆணிகளைக் கழற்றினேன். பூட்டு பூட்டியபடியே இருக்க, கதவு மறுபக்கம் திறந்தது.

உள்ளே ஒரு டெக். இரண்டு ஸ்பீக்கர். சிகரெட் துண்டுகள் கிடந்த ஒரு தட்டு. டீ குடித்த கண்ணாடிக் கிளாஸ்கள், அடியில் காய்ந்துபோன டீயோடு. அப்புறம் நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஸ்பீக்கரைப் பார்த்தாற்போல் வளைவாகப் போட்டிருந்தது.

டெக்கைப் பார்த்தபோதுகூட எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. அந்த நாற்காலிகளைப் பார்த்ததும்தான் வந்தது. கால் வலிக்காமல் உட்கார்ந்து, டீ வாங்கி வைத்துக்கொண்டு, சாவகாசமாகக் கேட்டிருக்கிறார்கள். ஒரு பெட்டியில் கேசட்டுகள். ஒவ்வொன்றின்மேலும் ஒரு பட்டப்பெயர் எழுதியிருந்தது. 'அழுகுணி'. 'கொலுசு'. 'தொவைக்காத கைலி'.

அந்தக் கடைசிக் கேசட்டை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு நடந்தேன். ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். மாமி முன்கட்டில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். அக்கா உள்ளேயிருந்து எட்டிப்பார்த்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். நான் கேசட்டை மாமி முன்னால் வைத்துவிட்டு, பார்த்ததையெல்லாம் சொன்னேன். மாமி கீரையை உருவுவதை நிறுத்தவில்லை. நாற்காலி என்றதும் நிறுத்தினார்.

"நாற்காலி போட்டா கேட்டானுவ?"

"ஆமாங்க மாமி. நாலு கெடக்கு."

"டீ வேற வாங்கி வச்சு?"

"ஆமாங்க."

மாமி எழுந்து கையைக் கழுவினார். "என் துப்பட்டிய எடுத்துட்டு வா. நீயும் போட்டுக்க" என்று உள்ளே பார்த்துச் சொன்னார்.

"வேணாம் மாமி. ஊரு சிரிக்கும்" என்றாள் அக்கா.

"ஊரு ஏற்கெனவே சிரிச்சிருச்சு. ஒனக்குத்தான் தெரியாம சிரிச்சானுவ. கெளம்பு."

வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு மாமி முன்னால் நடக்க, நாங்கள் இரண்டு பேரும் பின்னால் போனோம். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முதலாளி திரும்பி வந்து, கழன்று கிடந்த கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும், "யாரக் கேட்டுடீ ரூம்பத் தொறந்த?" என்று கையை ஓங்கினார். பின்னால் மாமியைப் பார்த்ததும் கை இறங்கியது.

"வாங்க மாமி. தப்பா ஒண்ணும் நெனைக்காதீங்க. கேசட்டு வழியில தொலைஞ்சா இன்னொண்ணு இருக்கட்டுமேன்னுதான் காப்பி எடுத்து வைக்கிறது."

"காப்பிக்கு எதுக்குடா நாற்காலி?" என்றார் மாமி.

அந்த ஆள் குரலை இறக்கி, அனுதாபப்படுகிறவர்போல, "நடந்தது நடந்துபோச்சு. வெளிய தெரிஞ்சா உங்க வீட்டுக்குத்தான அசிங்கம்? உங்க மவன் அங்க நாலு பேரு மத்தியில தலை நிமிந்து நடக்க வேணாமா? பாத்துக்குங்க" என்றார்.

இதுதான் அவர்களுடைய பாதுகாப்பு. செய்தவர்கள் அவர்கள், அசிங்கம் அவளுக்கு. இந்தக் கணக்கை நம்பித்தான் அத்தனை நாளும் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மாமி அவரைத் தாண்டிப் பின்னறைக்குள் போனார். ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். கடை வாசலைத் தாண்டி, நடுத்தெருவில் கொண்டுபோய்ப் போட்டார். எனக்குப் புரிந்துவிட்டது. நான் இரண்டைத் தூக்கினேன். கடைசி நாற்காலியை அக்கா எடுத்துவந்தாள். நாலையும் வரிசையாகப் போட்டோம். ஜும்மா தொழுகை முடிந்து ஆட்கள் கடைத்தெருப் பக்கம் வந்துகொண்டிருந்த நேரம். சைக்கிளில் போனவர்கள் காலை ஊன்றி நின்றார்கள். பஸ் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு நின்றது.

மாமியின் கரகரத்த குரலுக்கு மைக்கே தேவைப்படவில்லை.

"நம்ம வீட்டுப் பொம்பளைங்க புருஷனுக்குப் பேசி அனுப்புறத இந்த நாலு நாற்காலியில உக்காந்து கேட்டிருக்கானுவ. கேட்டவனுவ இப்ப வந்து உக்காருங்க. நாங்களும் பாக்குறோம்."

யாரும் வரவில்லை. ஆனால் எதிர்வரிசையில் ஜவுளிக் கடையின் ஷட்டர் பாதி இறங்கியது. இறால் பண்ணை புரோக்கர் ஒருவர் டீக்கடையிலிருந்து எழுந்து, காசுகூடக் கொடுக்காமல் சந்துக்குள் போனார். டிராவல்ஸ் வைத்திருந்தவர் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டே இருந்தார், அது கிளம்பவில்லை. தெருவே திரும்பி அவரைப் பார்த்தது. இந்தப் பெண்களின் கணவர்களுக்கு விசா வாங்கிக்கொடுத்து, கமிஷன் வாங்கிக்கொண்டு விமானம் ஏற்றிவிட்டவர் அவர்தான். ஏற்றிவிட்டு வந்து அவர்களுடைய மனைவிகள் அழுவதைக் கேட்க நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

கூட்டத்திலிருந்து பெண்கள் ஒவ்வொருவராக என்னிடம் வந்தார்கள். "என்னோடதும் இருக்கா தங்கச்சி?" என்று காதோடு கேட்டார்கள். எதில் யார் குரல் என்று போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

"போட்டுப் பாக்காத. எல்லாத்தையும் அழிச்சிரு" என்றாள் கொலுசு கொண்டுவந்த பெண்.

எனக்குப் போலீசுக்குப் போக வேண்டும் என்றிருந்தது. அழித்துவிட்டால் சாட்சி இருக்காது. மாமியிடம் சொன்னேன்.

"போலீசுக்குக் கொண்டுபோனா அவனும் போட்டுத்தாம்மா கேப்பான். அழி" என்றார்.

கலர் டி.வி. திரையில் படியும் நிறக் கறையை எடுக்க ஒரு காந்தக் காயில் வைத்திருப்போம், கடையிலும் ஒன்று இருந்தது. பெரிய வளையம் மாதிரி இருக்கும். கரண்ட் கொடுத்து அதைக் கேசட்டின்மேல் சுற்றினால் பதிந்ததெல்லாம் போய்விடும். எக்ஸ்டென்ஷன் ஒயரைத் தெருவுக்கு இழுத்து, அந்த நாற்காலி ஒன்றின்மேலேயே பெட்டியை வைத்து, எல்லோரும் பார்க்க ஒவ்வொரு கேசட்டாக எடுத்துச் சுற்றினேன். முதலாளி கல்லாவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கேசட்டில் இருந்ததெல்லாம் போயிற்று. அவர்கள் காதில் வாங்கிக்கொண்டதை அழிக்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

அதற்கப்புறம் நடந்ததுதான் கேவலம். கடைக்காரர்கள் கூடிப் பஞ்சாயத்துப் பேசினார்கள். எல்லாம் ஆண்கள். மாமியையும் கூப்பிடவில்லை, அக்காவையும் கூப்பிடவில்லை. நான் வெளியே நின்றிருந்தேன். முதலாளி அங்கிருந்த ஆண்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "அண்ணமாருங்க மன்னிக்கணும்" என்றாராம். மன்னித்துவிட்டார்கள். டிராவல்ஸ்காரரைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. அங்கே இருந்த பாதிப் பேர் வீட்டுப் பையன்களின் பாஸ்போர்ட் அவரிடம்தான் இருந்தது. கடைசியில் ஒரு பெரிய மனுஷர் தீர்ப்பு மாதிரிச் சொன்னார்.

"வயசுப் பொண்ண கடையில வேலைக்கு வச்சதுதான் எல்லாத்துக்கும் காரணம். அத நிறுத்துங்க."

நின்றது என் வேலை மட்டும்தான்.

வீட்டில் அம்மா, "பூட்டியிருந்த ரூம்ப நீ ஏன்டி தொறக்கப் போன?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அப்பாதான், "தொறக்காம இருந்திருந்தா இவதான் சொன்னான்னு ஆகியிருக்கும். விடு" என்றார். பேசி முடிக்கிற நிலையில் இருந்த ஒரு வரன், 'கேசட் கடைப் பொண்ணா?' என்று கேட்டுவிட்டு விலகிப்போனது. நல்லதுதான். ஆனால் அன்றைக்கு அது நல்லதாகத் தெரியவில்லை.

அக்காவுக்கு நடந்ததை மாமியே பிறகு என்னிடம் சொன்னார். குவைத்திலிருந்து மகன் பக்கத்து வீட்டுப் போனுக்குக் கூப்பிட்டிருக்கிறான். யாரோ ஊர்க்காரன் அங்கே போய்ச் சொல்லியிருக்கிறான். எடுத்த எடுப்பில் அவளிடம், "நீ ஏன் அங்க போயி அதெல்லாம் பேசுன?" என்று கேட்டானாம். மாமி ரிசீவரைப் பிடுங்கி, "நீ அங்க போயி உக்காந்ததாலதான்டா அவ இங்க போயி பேசுனா. வையி போன" என்று வைத்துவிட்டார். அவன் பிறகு வருத்தப்பட்டுப் பேசியிருக்கிறான். அவளும் சரி என்றிருக்கிறாள். ஆனாலும் முதலில் வந்த கேள்வி அதுதான்.

நான் கும்பகோணத்துக்குப் போனேன். மேடை நிகழ்ச்சிகளுக்கு ஒலி அமைத்துக்கொடுக்கும் ஒரு சவுண்ட் சர்வீஸில் சேர்ந்தேன். கச்சேரி, பொதுக்கூட்டம், தாராசுரம் பக்கத்துக் கல்யாண மண்டபங்கள் என்று சுற்றி, பிறகு சொந்தமாக மிக்ஸரும் ஸ்பீக்கரும் வாங்கி, இப்போது எனக்கென்று நாலைந்து பேர் வேலை பார்க்கிறார்கள். அந்த ஆளும் நன்றாகத்தான் இருக்கிறார். கேசட் போனதும் கேபிள் டி.வி. நடத்தினார், அப்புறம் செல்போன் கடை. ஊர் எல்லையில் கோயில் திருவிழாவுக்கு வரவேற்கும் பேனரில் அவர் படம் இருக்கிறது, கும்பிட்டபடி. அந்தப் பேனரைக் கிழித்துப் போட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் தோன்றுகிறது. ஒரு தடவை செய்தும்விட்டேன்.

சில வருடங்களுக்கு முன்னால் கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் அந்த அக்காவைப் பார்த்தேன். அவள்தான் என்னை அடையாளம் கண்டு கூப்பிட்டாள். மாமி காலமாகிவிட்டார். கணவர் இன்னும் குவைத்தில்தான், இப்போது கம்பெனி மாறிவிட்டார். டீ வாங்கிக் குடித்தோம்.

"இப்பதான் செல்லு இருக்கே, தெனம் பேசலாமே?" என்றேன்.

"பேசுறோம். வீடியோவுலயே பேசலாம். ஆனா எனக்குத்தான் பேச்சு வர மாட்டேங்குது. சாப்டீங்களா, பணம் வந்துச்சு, அம்புட்டுத்தான். 'ஏன்டி, ஆபீசருகிட்டப் பேசுற மாதிரியே பேசுற'ன்னு கேக்குறாரு. என்ன பண்ணச் சொல்ற? யாரோ கேட்டுக்கிட்டிருக்குற மாதிரியே இருக்கு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "பொண்ணுக்கே கல்யாணம் ஆயிருச்சு. இனிமே என்ன பேச்சு வேண்டிக்கெடக்கு, போ."

என்னால் சிரிக்க முடியவில்லை. முத்துப்பேட்டை பஸ் வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு, இடம் பிடிக்க ஓடினாள்.